நாட்டு மாட்டுக்கு அம்மை வராதா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டில் இருக்கிறோம். 2 காங்கேயம் மாடு, ஒரு சிந்து மாடு, 5 மாதக் காங்கேயம் கிடாரிக் கன்று ஒன்று வைத்திருக்கிறோம். இந்த வருடம் மழைக்குப் பிறகு ஊரில் மாடுகளுக்கு அம்மைக்கட்டி வந்தது. சிந்து மாடு 18-க்கு வந்தது, காங்கேயம் 3-க்குத்தான். எங்கள் மாமனார் "நாட்டு மாட்டுக்கு அம்மை வராது, அதுக்கு எதுக்கு ஊசி" என்று சொல்லி, சிந்து மாட்டுக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது சிந்து மாட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு காங்கேயம் பிடிக்கலாம் என்கிறார். உண்மையில் எந்த இன மாட்டுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது? மாட்டைக் கொடுத்துவிடலாமா? கன்றுக்கு ஊசி வேண்டுமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கன்றுக்கு ஊசி போடுங்கள். 2 காங்கேயம் மாட்டுக்கும் போடுங்கள். இந்தப் பதிலின் மீதியைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம், முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அதை மறுத்துப் பேசுவது கஷ்டம். முழுப் பொய் என்றால் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

18-க்கு 3 என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தவுடன் சிந்து மாட்டுக்கு ஆறு மடங்கு அதிகம் வருகிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஊரில் மொத்தம் எத்தனை சிந்து, எத்தனை காங்கேயம் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள், அவற்றில் பெரும்பகுதி கலப்பினம் (நம் பக்கம் சிந்து என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான்). காங்கேயம் பிறந்த மண்ணிலேயே இன்று பால் சொசைட்டிக்கு வரும் கேன் நிறைய கலப்பினப் பால்தானே.

ஒரு பேச்சுக்கு, உங்கள் ஊரில் 150 சிந்து, 20 காங்கேயம் என்று வைத்துக்கொள்வோம். 150-இல் 18 என்றால் 12 சதவீதம். 20-இல் 3 என்றால் 15 சதவீதம். போச்சு, கணக்கு தலைகீழாகிவிட்டது. இப்போது காங்கேயத்துக்குத்தான் அதிகம் வருகிறது!

இதையும் உடனே நம்பிவிடாதீர்கள். உங்கள் மாமனாரைப் போலவே ஊரில் பலரும் சிந்து மாட்டுக்கு மட்டும் ஊசி போட்டிருப்பார்கள். 150-இல் 110 மாட்டுக்கு ஊசி போட்டதாகவும், அந்த 110-இல் 5 மாட்டுக்கும், ஊசி போடாத 40-இல் 13 மாட்டுக்கும் நோய் வந்ததாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட சிந்துவில் 5 சதவீதம் கூட இல்லை. போடாத சிந்துவில் மூன்றில் ஒன்று. காங்கேயத்தில் 4 மாட்டுக்குத்தான் ஊசி, அவற்றுக்கு ஒன்றும் வரவில்லை. ஊசி போடாத 16-இல் 3, அதாவது ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஊசி போடாத மாட்டை ஊசி போடாத மாட்டோடு ஒப்பிட்டால் மாமனார் சொன்னது சரிதான், காங்கேயத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் ஊசி போட்ட சிந்து, ஊசி போடாத காங்கேயத்தைவிட எவ்வளவோ தப்பித்திருக்கிறது. இனம் செய்கிற வித்தியாசத்தைவிட ஊசி செய்கிற வித்தியாசம் பெரிது.

இவை நான் கணக்குக்காகப் போட்ட எண்கள். உங்கள் ஊரின் உண்மையான எண்கள் சொசைட்டி நோட்டிலும் மருந்தகத்தின் தடுப்பூசிப் பதிவேட்டிலும் இருக்கும், எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 20 மாடு மட்டும் இருக்கிற ஊரில் ஒரு மாட்டுக்குக் கூடவோ குறையவோ வந்தால் சதவீதம் ஐந்து ஏறும், ஐந்து இறங்கும். ஓர் ஊர்க் கணக்கை வைத்து இனத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது.

அப்புறம் இந்தச் 'சிந்து' என்ற பெயர். நம் பக்கம் ஜெர்சிக் கலப்பைச் சிந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான சிவப்புச் சிந்தி சிந்து மாகாணத்து மாடு. திமில் உள்ளது, காங்கேயம் மாதிரி அதுவும் நாட்டு மாட்டு வகைதான். ஜெர்சியோ இங்கிலீஷ் கால்வாயில் இருக்கிற ஒரு சின்னத் தீவிலிருந்து வந்தது. நான் முகாமில் பதிவேடு எழுதும்போது "என்ன மாடு?" என்று கேட்டால் "சிந்துங்க" என்பார்கள், நிமிர்ந்து பார்த்தால் கருப்பு வெள்ளைப் பிரீசியன் கலப்பு நிற்கும். எந்த இனத்துக்கு எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால், எந்த மாட்டை எந்தப் பெயரில் எழுதினோம் என்பதிலேயே இவ்வளவு குழப்பம்.

இன்னொரு சிக்கல், நோய் உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் ஒன்றல்ல. நீங்கள் அம்மைக்கட்டி என்று எழுதிய இந்தத் தோல் கழலை நோயின் வைரஸை மாடுகளுக்குச் செலுத்திச் செய்த பரிசோதனைகளிலேயே ஏறத்தாழ பாதி மாடுகளுக்குத்தான் உடம்பெல்லாம் கட்டி வந்திருக்கிறது. மற்றவற்றில் சிலதுக்கு வெறும் காய்ச்சல், சிலதுக்கு அதுவும் தெரியாது. இதில் நானே ஒரு தடவை அசடு வழிந்திருக்கிறேன். நோய் நம் பக்கம் புதிதாக வந்த சமயம். ஒரு பட்டியில் கருப்பு வெள்ளை மாடு ஒன்றுக்கு வைத்தியம் செய்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த காங்கேயம் கன்றுகளைத் தூரத்திலிருந்தே பார்த்து "இதுகளுக்கு ஒண்ணும் இல்லை" என்றேன். அந்த வீட்டு ஆத்தா ஒன்றும் பேசவில்லை. ஒரு கன்றைக் கயிறு போட்டு இழுத்து வந்து, என் கையைப் பிடித்து அதன் தோள்பட்டைக்கு முன்னால் வைத்தார். எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. கழுத்துக்கு அடியில் பட்டாணி பட்டாணியாக நாலைந்து. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகப் பிறந்து, சில மாதம் கழித்துத்தான் மயிலை நிறத்துக்கு மாறும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நிறம் மாறுகிற பருவத்தில் மயிர் திட்டுத்திட்டாக இருக்கும். சின்னக் கட்டி கண்ணுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நான் கண்ணை நம்புவதில்லை. நீங்களும் கையால் பாருங்கள். உள்ளங்கையை மயிருக்கு எதிராக, கழுத்திலிருந்து தலைப்பக்கம் தள்ளிக்கொண்டு போங்கள். கட்டி இருக்கிற இடத்தில் மயிர் குத்திட்டு நிற்கும், அடியில் வட்டமாகக் கெட்டியாகத் தட்டுப்படும். பிறகு தோள்பட்டைக்கு முன்னாலும், பின்தொடைக்கு முன்னால் மடிப்பு விழுகிற இடத்திலும் நெறி கட்டியிருக்கிறதா பாருங்கள். மடி, வால் அடி, அலைதாடி, மூக்குத் துவாரத்தின் உள்பக்கம். ஒரு மாட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஊரில் நோய் இருக்கிறபோது காலையில் பால் கறக்கும் முன் இதைச் செய்துவிடலாம். கண்ணில் நீர், மூக்கில் சளி, தீவனம் எடுக்காமல் நிற்பது, பால் திடீரென்று குறைவது, இவை கட்டிக்கு முன்னாலேயே வரும்.

சரி, இன வித்தியாசம் என்பது உண்டா இல்லையா? உண்டு. ஜெர்சி, பிரீசியன் போன்ற மேல்நாட்டு இனங்களும் அவற்றின் கலப்பும் இந்த நோயில் அதிகம் அவதிப்படும், திமில் உள்ள மாடுகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பது நோய் முதன்முதலில் அறியப்பட்ட ஆப்பிரிக்காவிலிருந்தே சொல்லப்பட்டு வருவது. 1929-இல் இன்றைய ஜாம்பியாவில் இதைப் பார்த்தார்கள். காரணம் ஒன்று தோல். மேல்நாட்டு மாட்டின் தோல் மெல்லிசு. நம் மாட்டின் தோல், ஈ உட்கார்ந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும். சாட்டை மாதிரி நீண்ட வால் வேறு. உண்ணியும் நம் மாட்டில் குறைவாகத்தான் ஏறும். இந்த வைரஸை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் கடிக்கிற ஈ, கொசு, உண்ணி. அவற்றிடமிருந்து தப்புகிற மாடு நோயிலிருந்தும் கொஞ்சம் தப்பும்.

ஆனால் இதில் எவ்வளவு தோலால், எவ்வளவு நாம் வைத்திருக்கிற முறையால் என்று பிரிப்பது லேசில்லை. உங்கள் காங்கேயம் மாடு பகல் முழுக்கக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் மேய்ந்துகொண்டு, வெள்வேல மர நிழலில் தள்ளித் தள்ளிப் படுத்திருக்கும். சிந்து மாடு எருக்குழிக்குப் பக்கத்தில், ஈரம் காயாத கட்டுத்தரையில், ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். தினம் 12 லிட்டர், 15 லிட்டர் பால் கறக்கிற உடம்பு வேறு. இரண்டையும் இடம் மாற்றிக் கட்டிப் பார்த்தால்தான் இனத்தின் பங்கு எவ்வளவு என்று தெரியும். யாரும் கட்டுவதில்லை.

காங்கேயத்தை இடம் மாற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் நடந்ததைத்தான் சொல்வேன். இந்த நோய் 2019-இல் ஒடிசாவில் முதலில் தெரியவந்து, மூன்று வருடத்தில் மேற்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் மாடுகள் செத்தன, அதிகம் செத்தது ராஜஸ்தானில். பார்மர், ஜெய்சல்மேர், பிகானேர், கட்ச் எல்லாம் ஜெர்சிக்குப் பேர்போன இடமா? தார்பார்க்கர், ராட்டி, காங்க்ரேஜ், கிர் என்று நாட்டு இனங்களின் தாய்மண் அது. ஊசி போடாத மந்தை, முன்பின் அந்த வைரஸைப் பார்க்காத உடம்பு, நெருக்கியடித்து நின்ற கோசாலைகள். இப்படி எல்லாம் ஒன்றுசேர்ந்தபோது திமில் காப்பாற்றவில்லை. "நாட்டு மாட்டுக்கு வராது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் படங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

உங்கள் மாமனாருக்கு வயது அறுபது எழுபது இருக்குமானால் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். பட்டி பட்டியாகக் காலி செய்த நோய். அதிலும் இந்த இனக் கதை உண்டு. நூறு வருடத்துக்கு முன் இமயமலையில், குமாவோன் மலையிலிருக்கிற முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் வெக்கைக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே பரிசோதனைக்கு மலை மாடுகளைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஏனென்றால் சமவெளி மாடுகள் ஓரளவு தாங்கின, மலை மாடுகள் சட்டென்று விழுந்தன. இரண்டுமே திமில் உள்ளவை, இரண்டுமே நாட்டு மாடு! ஆக 'நாட்டு மாடு' என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் ஒரு கொட்டகையில் கட்ட முடியாது. காங்கேயம் தாங்குவதை உம்பளாச்சேரி தாங்கும், பர்கூர் தாங்கும் என்று சொல்ல நான் தயங்குவேன்.

வெக்கைக் கதையின் கடைசிப் பகுதி இன்னும் முக்கியம். இந்தியாவில் அது 1995-ஓடு போனது. உலகத்தில் ஒழிந்தது என்று 2011-இல் அறிவித்தார்கள். கடைசிவரை பிடிவாதமாக நின்ற இடம் கிழக்கு ஆப்பிரிக்கா, சோமாலியாவை ஒட்டிய மேய்ச்சல் நிலம். அங்கே திமில் மாடுகளுக்கு நோய் வந்தது, ஆனால் லேசாக வந்து போனது. யார் கண்ணிலும் படவில்லை. 1990-களின் நடுவில் கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் காட்டு எருமைகளும் குடு மான்களும் கண் குருடாகிச் செத்து விழ ஆரம்பித்தபோதுதான், வைரஸ் மாட்டுக்குள் ஒளிந்திருந்தது தெரிந்தது. நோயைத் தாங்குகிற மாடு பலசாலி, சந்தேகமில்லை. ஆனால் அது நோயைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டும் நிற்கலாம். உங்கள் கட்டுத்தரையில் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளப்போவது பக்கத்தில் நிற்கிற சிந்து மாடும், பால் குடிக்கிற கன்றும்.

கோமாரிக்கும் இதே கதைதான். காங்கேயம் நாலு நாள் வாயில் நுரை ஒழுக்கி, நொண்டி நடந்து எழுந்துவிடும். கலப்பினம் பிழைத்தாலும் வெயிலில் மூச்சிரைக்கும், மயிர் நீளமாகிக் கரடி மாதிரி நிற்கும், பழைய பால் திரும்ப வராது. அதில் கன்றுகளுக்கு மட்டும் எந்த இனச் சலுகையும் கிடையாது, நெஞ்சு நின்று திடீரென்று செத்துப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற கோமாரி ஊசியை அதனால் எந்தக் காங்கேயத்துக்கும் விடாதீர்கள்.

இப்போது மாட்டைக் கொடுப்பதா என்ற கேள்வி. இந்த நோய்க்குப் பயந்து கொடுக்க வேண்டாம். உங்கள் சிந்து மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறது, உங்கள் கட்டுத்தரையில் இன்றைக்கு அதுதான் பாதுகாப்பான மாடு. தீவனச் செலவு, ஆள் பற்றாக்குறை, காங்கேயம் மேல் ஆசை என்று வேறு காரணம் இருந்தால் அது உங்கள் குடும்பக் கணக்கு, நான் அதில் தலையிடவில்லை. வரவேண்டிய பால் காசை எந்த இன ஆராய்ச்சியாலும் ஈடு செய்ய முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆனால் கொடுப்பதாக இருந்தாலும் வாங்குவதாக இருந்தாலும் ஊரில் நோய் அடங்கும்வரை பொறுங்கள். சந்தையில்தான் நாலு மாவட்டத்து மாடும் நாலு மாவட்டத்து ஈயும் ஒன்றுகூடும். சித்திரையில் கண்ணபுரம் தேர்ச் சந்தைக்குப் போய்ப் பிடிக்கலாம் என்று மாமனார் நினைத்தால், வாங்கிய மாட்டை ஒரு மாதம் தனியாகக் கட்டிவைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தொற்று ஏறி 28 நாள் வரைக்கும் கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

ஊசி பற்றிச் சில விஷயம். முகாமில் ஆட்டம்மை ஊசியைக் கொண்டுவந்தால் "ஆட்டு ஊசியை மாட்டுக்குப் போடுறாங்களே" என்று மலைக்க வேண்டாம். ஆட்டம்மை, செம்மறியம்மை, மாட்டுத் தோல் கழலை மூன்று வைரஸும் பங்காளிகள். ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்கும். இந்த நோய்க்கென்றே, ராஞ்சியில் நோய் வந்த மாட்டிலிருந்து பிரித்த வைரஸை வைத்து ஒரு தடுப்பூசியை ஹிசாரிலும் இஸத்நகரிலும் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கி 2022-இல் வெளியிட்டன. ஹிசாரில் இருப்பது குதிரை ஆராய்ச்சி நிலையம் என்பது ஒரு வேடிக்கை. 4 மாதம் தாண்டிய கன்றிலிருந்து போடலாம், உங்கள் கிடாரிக்கு வயது ஆகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை. போட்ட இடத்தில் சின்ன வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல், பால் கொஞ்சம் குறைவது எல்லாம் வந்து போகும். முழு எதிர்ப்புச் சக்தி வர மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் கட்டி வந்தால் ஊசியால் வந்தது என்று ஊரைக் கூட்டிவிடாதீர்கள், வைரஸ் பெரும்பாலும் ஊசிக்கு முன்பே உள்ளே போயிருக்கும். ஊசி போடுகிறவரிடம் ஒன்று மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: மாட்டுக்கு மாடு ஊசி முனையை மாற்ற வேண்டும். ஒரே முனையில் ஊர் முழுக்கப் போட்டால் ஈ செய்கிற வேலையை நாமே செய்ததாகிவிடும்.

கட்டுத்தரையில் ஈரமான வைக்கோலும் சாணியும் மக்கிக் கிடக்கிற மூலையில்தான் கடி ஈ முட்டை போடும். எருக்குழியைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சாயந்தரம் வேப்பிலை, நொச்சி போட்டுப் புகை மூட்டுங்கள். மாட்டுக்கு நோய் வந்துவிட்டால் தனியாகக் கட்டி, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, காய்ச்சலுக்கும் புண்ணில் சீழ் வைக்காமல் இருக்கவும்தான் வைத்தியம். கட்டியின் நடுவே முளை மாதிரி கழன்று விழுகிற இடத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும், அதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவுவதும், குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சளை எண்ணெயில் காய்ச்சிப் புண்ணில் போடுவதும் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் சொன்ன முறைதான், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஊசிக்குப் பதில் அது என்று நினைக்காதீர்கள். மனிதருக்கு இது ஒட்டாது, பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

மாமனாரிடம் "நீங்கள் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தால் காரியம் ஆகாது. கன்றைப் பிடித்து நிறுத்தச் சொல்லி, கழுத்தில் அவர் கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே ஊசி போட்டுவிடலாம். ஏதாவது தட்டுப்பட்டால் ஊசி வேண்டாம், கன்றைத் தனியாகக் கட்டிவிட்டு முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.